கோணல் கம்பில் மட்டம் பார்ப்பது எப்படி?

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த மறுநாள், கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகிற வழியில் ஓடைகளைப் பாருங்கள். தண்ணீர் டீ நிறத்தில் ஓடும். அந்த நிறம், யாரோ எருப் போட்டுத் தேற்றி வைத்த மேல்மண்.

சரிவில் உருளை, கேரட் போடுகிறவர்களில் பலர் பாரை, அதாவது செடி நிற்கும் மண்மேட்டு வரிசையை, மேலிருந்து கீழாகத்தான் இழுக்கிறார்கள். விவரம் தெரியாமல் இல்லை. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். சரிவோடு கொத்துவது இடுப்புக்கும் வசதி. ஆனால் இரண்டு பாருக்கு நடுவே உள்ள ஒவ்வொரு பள்ளமும் மழைக்கு வாய்க்காலாகிவிடுகிறது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது பழைய ஆற்றியல் கணக்கு. அப்படியென்றால் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தினாலே பெரிய லாபம். பூம்பாறையில் பூண்டு விளைகிற படித்தட்டுகள் செய்வதும் அதைத்தான். தட்டு வெட்டக் கூலி கொடுக்க முடியாதவர்கள், சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் கால்வாயோ புல்வரப்போ போட்டால் போதும்.

அந்த 'ஒரே உயரம்' எது என்பதில்தான் சிக்கல். எதிரே இருக்கிற மலை சாய்ந்திருந்தால் நம் காலடி மட்டமாகத் தெரியும். கண்ணை நம்ப முடியாது.

இதற்கு ஏ-சட்டம் என்று ஒரு கருவி. ஆளுயரக் கம்பு இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, காலை 2 மீட்டர் அகட்டி, நடுவில் குறுக்குக் கம்பு ஒன்று. உச்சியிலிருந்து நூலில் ஒரு கல். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தியக் கைவினைஞர் ஒருவரின் கல்லறையிலேயே இந்த வடிவ மட்டக்கருவி கிடைத்திருக்கிறது.

"கோணக் கம்பை வச்சுக்கிட்டு மட்டம் பாக்குறியே தம்பி" என்றார் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு தோட்டக்கார அண்ணன். மேஸ்திரியின் ரசமட்டத்தைப் பார்த்துப் பழகியவர். நியாயமான கேள்விதான்.

சட்டத்தை ஏதோ ஓர் இடத்தில் நிறுத்தி, இரண்டு கால் பட்ட இடத்திலும் முளை அடியுங்கள். நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கரிக்கோடு போடுங்கள். அப்புறம் சட்டத்தைத் திருப்பி, இடது கால் இருந்த முளையில் வலது காலை வையுங்கள். நூல் வேறு இடத்தில் தொடும். அங்கேயும் ஒரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவே மூன்றாவது கோடு போட்டால், அதுதான் மட்டம்.

தரையின் சாய்வு நூலை எப்போதும் பள்ளத்துப் பக்கமே தள்ளும். சட்டத்தைத் திருப்பியதும் அதே தள்ளல் குறுக்குக் கம்பில் எதிர்ப்பக்கம் விழுகிறது. கம்பின் கோணலோ சட்டத்தோடு ஒட்டிப் பிறந்தது. திருப்பினாலும் கூடவே வரும். நடுப்புள்ளி எடுக்கும்போது தரையின் பிழை இரண்டு பக்கமும் சமமாகக் கழிந்து, கோணலுக்குத் தக்கபடி மட்டக்கோடு தானாக நகர்ந்து உட்காருகிறது. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்றாலும் கவலையில்லை. கட்டு மட்டும் நெகிழக் கூடாது. நெகிழ்ந்தால் மறுபடி முதலிலிருந்து.

இனி வேலை சுலபம். ஒரு காலை ஊன்றி, மற்றதை நூல் நடுக்கோட்டைத் தொடும்வரை மேலே கீழே நகர்த்தி, முளை அடித்துக்கொண்டே போக வேண்டியதுதான். கல் கனமாக இருக்கட்டும். மலைக்காற்றில் சின்னக் கல் ஊஞ்சலாடும்.

ஆனால் கன மழையில் முழு மட்டமான கால்வாய் நிரம்பி, பலவீனமான இடத்தில் உடைத்துக்கொள்ளும். அதனால் மேல்மலையில் லேசான வாட்டம் வேண்டும். 2 செ.மீ. தடிமனுள்ள கட்டை ஒன்றை ஒரு காலின் அடியில் கட்டினால், 2 மீட்டருக்கு 2 செ.மீ., அதாவது நூற்றுக்கு ஒன்று இறக்கம் கிடைத்துவிடும். தண்ணீர் புல் மூடிய ஓடையில் போய் மெதுவாக இறங்கும், கிழங்கும் அழுகாது.

கட்டை கட்டிய கால் எப்போதும் ஓடைப் பக்கமே இருக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வந்த நான், பாதி வழியில் சட்டத்தை மாற்றிப் பிடித்துவிட்டேன். முதல் மழையில் கால்வாயின் இரண்டு முனையிலிருந்தும் தண்ணீர் நடுவுக்கு ஓடி வந்து குளம் கட்டி நின்றது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, மண்வெட்டியை எடுத்து நீட்டினார்.