முகத்துவாரம் – பொழி

ஆறு கடலில் சேரும் இடத்தைச் செய்திகளில் 'முகத்துவாரம்' என்பார்கள். வடமொழியில் முகம் என்றால் வாய், துவாரம் என்றால் வாசல். நமக்கோ துவாரம் என்றதும் ஓட்டைதான் நினைவுக்கு வரும். அந்தச் சொல் நிலைத்தும்விட்டது. கொழும்பில் களனி ஆறு கடலில் கலக்கும் பகுதிக்கே முகத்துவாரம் என்றுதான் பெயர்.

பழந்தமிழில் இதற்குப் 'புகார்' என்ற சொல் இருந்தது. காவிரி கடலில் புகும் இடத்து ஊர் புகார், அதாவது காவிரிப்பூம்பட்டினம். இன்று போய், "இந்த ஆற்றின் புகார் எங்கே?" என்று கேட்டால் காவல் நிலையத்துக்கு வழி சொல்வார்கள். உருதுவிலிருந்து வந்த இன்னொரு புகார் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பாடநூல்கள் கழிமுகம் என்கின்றன. கழி என்பது உப்பங்கழி. கடல்நீர் ஏறி இறங்கும் இடம். ஆண்டு முழுக்க ஓடும் ஆற்றுக்கு இது சரி. ஆனால் மலையில் பிறந்து, மழைக்காலத்தில் மட்டும் புரண்டு வரும் காட்டாற்றின் வாய் அப்படி இருக்காது. மழை நின்று நீர் மெலிந்ததும், அலை கொண்டுவரும் மணலைத் தள்ள ஆற்றுக்குத் தெம்பு இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக மணல்திட்டு எழும்பி வாயை அடைத்துவிடும். உள்ளே தேங்கிய தண்ணீர் ஒரு பக்கம், கடல் மறுபக்கம், நடுவே காலார நடந்து போகலாம். அப்புறம் மலையில் கனமழை பெய்யும். தேங்கிய நீர் திட்டின் தாழ்வான ஓரிடத்தில் மெல்லிய ஓடையாக வழியத் தொடங்கும். ஓடை மணலை அரிக்க அரிக்க அகலும். சில மணி நேரத்தில் அங்கே ஆறே பாயும். வெள்ளம் ஊருக்குள் ஏறும் என்று பயந்தால், அதற்கு முன்பே ஆட்களே வெட்டிவிடுவதும் உண்டு.

இப்படி மூடித் திறக்கும் வாய்க்குக் குமரி மாவட்டத்தில் சொல் இருக்கிறது: பொழி, பொழிமுகம். பழையாறு கடலைத் தொடும் மணக்குடியில் இதைக் கேட்கலாம். மலையாளத்தில் வேறுபாடு இன்னும் தெளிவு: எப்போதும் திறந்திருப்பது அழி, மூடித் திறப்பது பொழி. 'அழி'யை நாம் எடுத்தால் அழிவுதான் தோன்றும், அது வேண்டாம். பொழிக்கு அந்தச் சிக்கல் இல்லை. வற்றாத ஆற்றுக்குக் கழிமுகம், பருவ ஆற்றுக்குப் பொழி என்றே நான் எழுதுவேன்.