நேராக்கின முடியும் வேர்ல இருந்து சுருண்டுதான் வரும்

2017 நவம்பர்ல கிராசியா பத்திரிகையோட பிரிட்டன் பதிப்பு அட்டையில லுபிடா நியோங்கோ படம் வந்துச்சு, ஆஸ்கர் வாங்கின கென்ய நடிகை, ஆனா பின்னாடி கட்டியிருந்த அவங்க சுருட்டை முடியை எடிட்டிங்ல அழிச்சிட்டு மீதியை வழவழன்னு ஆக்கிட்டாங்க. அவங்க ஒரிஜினல் போட்டோவையும் சேர்த்துப் போட்டு வருத்தப்பட்டு எழுதினப்புறம்தான் பத்திரிகையும் போட்டோகிராஃபரும் மன்னிப்பு கேட்டாங்க. எனக்கு அதைப் பார்த்து ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. அந்தப் படத்துல பண்ணதைத்தான் கறுப்பினப் பெண்கள் நூறு வருஷத்துக்கும் மேல தங்களோட நிஜ தலையில பண்ணிட்டு இருக்காங்க.

முடி ஏன் சுருளுதுன்னா, தோலுக்குள்ள அது முளைக்கிற பையே வளைஞ்சிருக்கு. அதுல இருந்து வர்ற முடியோட குறுக்குவெட்டு வட்டமா இல்லாம தட்டையான முட்டை வடிவத்துல இருக்கும். முடி கெரட்டின்ங்கிற புரதம், அதோட இழைகளை கந்தக அணுக்கள் ஜோடி ஜோடியா பிடிச்சு வச்சிருக்கு, சுருள் கலையாம நிரந்தரமா வச்சிருக்குறது அந்தப் பிடிப்புதான். நேரான முடியில தலை எண்ணெய் சரசரன்னு நுனி வரைக்கும் இறங்கிடும், ஸ்பிரிங் மாதிரி இருக்குற முடியில இறங்காது, அதான் காய்ஞ்சு போகுது, வளையுற இடத்துல எல்லாம் உடையுது. இதைப் பார்த்துட்டு பராமரிக்கத் தெரியாதவங்கன்னு சொல்றது அநியாயம்.

அந்த சுருளுக்கு வேலையும் இருக்கு. 2023ல டினா லசிசி, நினா ஜப்லான்ஸ்கிங்கிற ஆராய்ச்சியாளர்களோட குழு சூடேத்தின ஒரு பொம்மைக்கு மனுஷ முடி விக் மாத்தி மாத்தி வச்சு, வெயில் மாதிரி விளக்கு போட்டு அளந்தாங்க. தலைக்குள்ள வெயில் சூடு இறங்காம நல்லா தடுத்தது நெருக்கமா சுருண்ட முடிதான்.

சூடான சீப்பு வச்சு இழுத்தா ஹைட்ரஜன் பிணைப்புங்கிற லேசான பிடிப்பு மட்டும்தான் விடும், மழையோ வேர்வையோ பட்டா முடி திரும்ப சுருண்டுடும். முடியை நிரந்தரமா நேராக்குற கெமிக்கல் கிரீமான ரிலாக்ஸர் அப்படி இல்ல. பழைய வகையில இருக்குறது சோடியம் ஹைட்ராக்சைடு, நம்ம காஸ்டிக் சோடாவேதான், அதனால தோல் வெந்துடக் கூடாதுன்னு மொதல்ல வாஸ்லின் தடவிட்டுத்தான் கிரீமை வைப்பாங்க. அது முடிக்குள்ள போய் ஜோடியா இருக்குற கந்தகத்துல ஒண்ணை உருவிடுது, அப்புறம் பழைய பிடிப்பு திரும்ப வராது. புதுசா வளர்றது மட்டும் சுருளாவே வரும், அதனால ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை மறுபடியும் அதே கிரீம், அதே எரிச்சல்.

2022ல அமெரிக்காவுல 33,497 பெண்களை சுமார் 11 வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு முடிவு வந்துச்சு. முடி நேராக்குற பொருளே தொடாதவங்களுக்கு 70 வயசுக்குள்ள கர்ப்பப்பை புற்றுநோய் வர்ற வாய்ப்பு 1.64 சதவீதம், அடிக்கடி போடுறவங்களுக்கு 4.05. இது தொடர்பு மட்டும்தான், இதுதான் காரணம்னு நிரூபணம் ஆகல, ஆனா அந்தப் பொருளை அதிகமா போடுறது கறுப்பினப் பெண்கள்தான்.

இவ்வளவும் ஏன் பண்ணாங்கன்னா, சொந்த முடியோட போனா வேலை கிடைக்காதுங்கிற பயம், ஸ்கூல்ல திருப்பி அனுப்புவாங்கங்கிற பயம். அது வெறும் மனப்பிரமை இல்ல, முடியை வச்சு ஒதுக்கக் கூடாதுன்னு 2019ல கலிஃபோர்னியா தனியா சட்டமே போட வேண்டி இருந்துச்சு. அதே வருஷம் தென்னாப்பிரிக்காவோட சோசிபினி டுன்சி ஒட்ட வெட்டின சொந்த முடியோட மிஸ் யுனிவர்ஸ் ஆனாங்க.

ரிலாக்ஸரை நிறுத்தி கொஞ்ச மாசம் ஆன ஒருத்தரோட ஒரே ஒரு முடியை எடுத்துப் பாருங்க. வேர் பக்கம் குட்டி குட்டி சுருள், நுனி பக்கம் நூல் மாதிரி நேர், ரெண்டும் சேர்ற இடம்தான் லேசா இழுத்தாலும் அறுந்துடும். தண்ணில போட்டா மேல் பாதி சுருண்டு ஏறிக்கும், கீழ் பாதி அப்படியே தொங்கும்.