கோச்சித்தடம்: தண்டவாளம் போன பிறகும் இருக்கும் வழி

இலங்கை மலைநாட்டில், நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரைக்கும் ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது. 1903இல் நுவரெலியா வரையும், அடுத்த ஆண்டு இராகலை வரையும் திறந்தார்கள். சுமார் 30 கிலோமீற்றர். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 762 மில்லிமீற்றர்தான் இடைவெளி, பெரிய ஆள் வைக்கும் ஓர் எட்டு. மோட்டார் வண்டிகளோடு போட்டிபோட முடியாமல் 1948இல் அந்த ரயில் நின்றது. தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மலையை வெட்டிய வெட்டு போகவில்லை.

இப்படி ரயில் விட்டுப்போன பாதையைச் சீராக்கி, ஊர்மக்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் திறந்துவிடுவதை ஆங்கிலத்தில் ‘ரெயில் டிரெயில்’ என்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1967இல் திறந்த எல்ராய்–ஸ்பார்ட்டா பாதையை இவ்வகையில் முன்னோடி என்று சொல்வது வழக்கம். ஸ்பெயினில் 1993 முதல் இதே வேலை ‘வியாஸ் வெர்தேஸ்’, அதாவது பச்சை வழிகள், என்ற பெயரில் நடக்கிறது. நமக்கு இதற்கு ஒரு சொல் வேண்டும். ‘கோச்சித்தடம்’ என்கிறேன் நான். நம்மிடமும் அப்படி ஒரு பாதை கிடக்கிறதே!

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘ரெயில்’ லத்தீனின் ‘ரேகுலா’விலிருந்து வந்தது; நேரான கோல் என்று பொருள். ‘டிரெயில்’ இழுத்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. ஒன்றைத் தரையில் இழுத்துப்போனால் விழும் சுவடுதான் முதலில் டிரெயில். தமிழில் ‘தடம்’ என்பதும் சுவடுதான், ஆனால் அது கால் பதிந்த சுவடு. யானைத்தடம் என்கிறோம், காலடித்தடம் என்கிறோம். நடந்து நடந்து உண்டான வழிக்கும் அதுவே பெயர். ரயில் பாதையை விட்டு விலகினாலும் ‘தடம் புரண்டது’ என்றுதான் செய்தி வாசிக்கிறார்கள். நடைக்கும் ரயிலுக்கும் பொதுவாக நிற்கும் சொல் இதைவிட வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

‘இருப்புப்பாதை’ நல்ல சொல். இரும்பு என்பது பாதையோடு சேரும்போது மெல்லினம் வல்லினமாகி ‘இருப்பு’ ஆகிறது. ஆனால் இரும்பைக் கழற்றிய பிறகு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? ‘இருப்புப்பாதை நடைபாதை’ என்றால் பாதை இரண்டு முறை வந்து இடிக்கிறது. நடைபாதை என்றதும் கடைத்தெரு ஓரம்தான் கண்ணில் நிற்கிறது. ‘சமூகப் பொழுதுபோக்குப் பாதை’ அலுவலகக் கடிதத்தில் இருக்கலாம், வாயில் நிற்காது. ‘புகையிரதம்’ ரயிலுக்கு இலங்கையின் அரச தமிழ். அதைப் பலகையில் படிப்போம், வீட்டில் சொல்ல மாட்டோம்.

வீட்டில் ரயிலைச் சொல்வது கோச்சி. ஆங்கிலக் ‘கோச்’தான் அப்படி ஆனது. அந்தக் கோச்சுக்கு மூலம் ஹங்கேரியில் வண்டி கட்டிய ‘கோச்’ என்ற ஊர். அந்த ஊர் வண்டியை ஹங்கேரிய மொழியில் ‘கொச்சி’ என்பார்கள். ஆங்கிலத்துக்கு வரும் வழியில் உதிர்ந்த கடைசி இகரத்தை, தெரியாமலேயே, நாம் திரும்ப ஒட்டியிருக்கிறோம். இதை முதன்முதலில் அறிந்த நாள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கந்தப்பளைப் பக்கம் ஒருமுறை தோட்டத்துக் குறுக்கில் ஏறப் பார்த்தேன். கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு நின்ற அம்மா ஒருவர், “குறுக்குல ஏறாதீங்க தம்பி, முழங்கால் போயிரும். கோச்சி ரோட்டு வழியா வளைஞ்சு போங்க” என்றார். வளைந்து போனேன். ஒரு பக்கம் பாசி பிடித்த வெட்டுச்சுவர், மறுபக்கம் தேயிலை, கால் தூக்க வேண்டாத ஏற்றம். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் மலையைச் சுற்றிச் சுற்றித்தான் அதற்கு வழி வெட்டுவார்கள். அந்தச் சாய்வு இன்று வயதானவருக்கும் தள்ளுவண்டிக்கும் உதவுகிறது. ரயிலைக் கண்ணால் காணாத அம்மாவின் வாயில் அதன் பெயர் இன்னும் இருக்கிறது.

அதனால்தான் ‘கைவிடப்பட்ட பாதை’ என்ற தொடரை நான் ஏற்பதில்லை. கைவிட்டது ரயில். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும், பெண்கள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கும், ஊர் சந்தைக்கும் நடப்பதை யாரும் விடவில்லை. ஆகவே இந்த வேலையை ‘மாற்றுதல்’ என்பதும் பொருந்தாது. ஏற்கெனவே நடக்கிற வழிக்குத் தண்ணீர் வடிகாலும், மதகுக்குக் கைப்பிடியும், இருட்டினால் வெளிச்சமும் கொடுப்பதைச் ‘சீரமைத்தல்’ என்றால் போதும். எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும். கைவிடப்பட்டது என்று எழுதிவிட்டால், அங்கே நடக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே திட்டம் போட்டுவிடலாம் என்றாகிவிடும்.

இரண்டு குழப்பங்களையும் தீர்த்துவிடுகிறேன். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே ஒன்பது வளைவுப் பாலத்தில் பயணிகள் தண்டவாளத்தின் மேல் நடக்கிறார்களே, அது கோச்சித்தடம் அல்ல. அங்கே ரயில் ஓடுகிறது. வளைவில் வரும் எஞ்சின் கடைசி நேரத்தில்தான் தெரியும். கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ‘பீக்கோ டிரெயில்’ என்ற நடைவழி பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகளைக் கோத்தது. அதைத் தேயிலைத்தடம் எனலாம்.

பாவிக்கும் விதம்: ‘கோச்சித்தடத்தில் சைக்கிள் ஓட்டலாம், லொறி வரக் கூடாது.’ ‘மழைக்குக் கோச்சித்தடத்து மதகு இடிந்துவிட்டது.’ சிங்களப் பேச்சிலும் ரயில் ‘கோச்சிய’தான். நானுஓயாவில் ஒருநாள் பலகை வைத்தால், பெயரின் முதல் பாதியை அயல்வீட்டாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிராது.