"ஊர்ப் பொடியன்தானே சேர்"

போன கிழமை சுகாதாரப் பரிசோதனைக்காகத் திருகோணமலை நகரில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினிக்குள் போனேன். ரொட்டிக்கு மா குழைக்கும் பொடியனுக்கு 19 வயதிருக்கும். பெருவிரலில் ஒட்டிய பிளாஸ்டர் மாவிலேயே ஊறிப்போயிருந்தது. கழற்றச் சொன்னேன். உள்ளே சீழ்.

"எப்ப வெட்டினது தம்பி?"

"நாலு நாள் சேர்."

முதலாளி காசு மேசையில் இருந்தபடியே சொல்கிறார்: "ஊர்ப் பொடியன்தானே சேர், சுத்தம் தெரியாது."

இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தெரியாதென்று யார் சொன்னது? டெங்குப் பரிசோதனைக்கு மூதூர், தம்பலகாமம் பக்கம் போகும்போது இந்தப் பிள்ளைகளின் வீடுகளைப் பார்க்கிறேன். முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருக்கும். கால் கழுவாமல் உள்ளே விடமாட்டார்கள். அவனுக்கு வீட்டுச் சுத்தம் நன்றாகவே தெரியும். மிஞ்சின சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சாப்பிட்டு வளர்ந்தவன், கடையில் இரவு முழுக்க வெளியே கிடந்த சோற்றை ஃப்ரைட் ரைஸுக்கு எடுப்பதில் என்ன பிழை காண்பான்? கோடையில் கிணறு வற்றும் ஊரில் வளர்ந்தவன், ஒரு வாளித் தண்ணீரில் இருபது கோப்பை அலசத்தான் செய்வான். சிக்கனமென்று அம்மா பழக்கியது அது. ஆறு பேர் சாப்பிடும் வீட்டில் தப்பிப் போனது, இருநூறு பார்சல் போகும் கடையில் தப்பாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் வேலைக்கு எடுத்தவர்தான்.

"நல்லாச் சூடாக்கினால் சரிதானே" என்பார்கள். சரியில்லை. சோற்றில் பெருகும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியும் சீழ்ப்புண்ணில் இருக்கும் ஸ்டாஃபிலோகொக்கஸ் என்ற கிருமியும் விடும் நஞ்சு, தாச்சியில் போட்டு வறுத்தாலும் போகாது.

சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, 2 மணித்தியாலத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். கை கழுவத் தனிக் குழாயும் சவர்க்காரமும் வேண்டும். டைஃபொயிட் தடுப்பூசி போடாதவரைக் குசினிக்குள் விடாதீர்கள். வயிற்றோட்டம் என்றால், நின்று 48 மணித்தியாலம் போகும்வரை வீட்டில் இருக்கட்டும், சம்பளத்தோடு. நாள் கூலியை நம்பி வீட்டில் நாலு பேர் இருக்கும்போது, தனக்கு வயிற்றால் போகிறதென்று எந்தப் பொடியன் வாய் திறப்பான்? சுகாதாரக் கேடான நிலையில் உணவு தயாரித்து விற்பதை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தடுக்கிறது. பொடியன் எந்த ஊர் என்று அது கேட்பதில்லை.

அன்றைக்குக் குழைத்த மா முழுவதையும் கொட்ட வைத்தேன். மருந்து கட்டிக்கொண்டு வரச் சொன்னபோது பொடியன் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான்: "மாவுக்கு என்ர சம்பளத்தில வெட்டுவாங்க சேர்."

வெட்டாதீர்கள், முதலாளி.