அறை இசை அல்ல, குறும்பல்லியம்

போன வாரம் தேவிபட்டினத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அக்கா மகள் கல்லூரிப் பாடக்குறிப்பு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். 'சமகாலச் செவ்வியல் அறை இசைக் குழுமம்' என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டாள். "மாமா, இந்த அறை ரூமா, அடிக்கிறதா?"

இதே தொடரை இந்த ஒரு வருடத்தில் நாலைந்து இடத்தில் பார்த்துவிட்டேன். எழுதியவர் ஒருவராவது அவள் கேட்டதைத் தன்னிடம் கேட்டிருந்தால் இந்தச் சொல் அச்சுக்கே போயிருக்காது.

ஆங்கிலத்தில் இது சேம்பர் ஆன்சாம்பிள், அதாவது சிலர் மட்டும் சேர்ந்து வாத்தியம் வாசிக்கும் சிறு குழு. மூலச் சொல் சேம்பர். லத்தீனில் கமெரா, அதற்கும் முன் கிரேக்கத்தில் வளைவுக் கூரை. நாம் படம் எடுக்கும் கேமராவும் அதே சொல்தான். இங்கே ராமநாதபுரம் பக்கம் சேம்பர் என்றால் செங்கல் நினைவுக்கு வரும். 'சேம்பர் கல் ஒரு லோடு' என்போம். இசையில் இந்தச் சொல் புகுந்தது இத்தாலி வழியாக. பதினேழாம் நூற்றாண்டில் சொனாட்டா என்ற வாத்திய இசை வடிவத்தில் தேவாலயத்துக்கான சொனாட்டா, கமெராவுக்கான சொனாட்டா என்று இரண்டு வகை வைத்திருந்தார்கள். இரண்டாவது, பிரபுக்களின் மாளிகையில் சிலர் கூடிக் கேட்டது. ஆன்சாம்பிள் பிரெஞ்சுச் சொல், 'சேர்ந்து' என்று பொருள்.

சரி, 'அறை இசை' ஏன் கூடாது? முதலில், தமிழ்க் காதுக்கு அது வினைத்தொகையாகத்தான் விழும். ஊறுகாய், சுடுசோறு போல அறை இசை என்றால் அறைகின்ற இசை. பறை அறைந்தான், முரசு அறைந்தான் என்று ஆயிரம் வருடமாகச் சொல்லி வந்திருக்கிறோம். நாலு பேர் வயலின் வாசிப்பதற்கு முரசுக்காரன் வினைச்சொல்லைக் கொடுக்கலாமா?

அப்புறம், அறை என்பது அந்த இசையின் இலக்கணமே இல்லை. பெரிய ஆர்கெஸ்ட்ராவில் பத்துப் பதினாறு வயலின்காரர்கள் ஒரே இசை வரியை வாசிப்பார்கள். சேம்பர் இசையில் ஒரு வரிக்கு ஒருவர்தான். எங்கள் கரையில் இதற்கு உவமை தேட வேண்டியதில்லை. கரைவலை இழுக்கும்போது ஒரே கயிற்றில் இருபது கை இருக்கும். ஒரு கை தளர்ந்தாலும் தெரியாது. வத்தை என்கிற சிறு படகில் போகிறவர்கள் மூன்று பேர். ஒருவர் சுக்கானில், ஒருவர் வலையில், ஒருவர் நங்கூரக் கயிற்றில். அவரவர் வேலையை அவரவர்தான் செய்தாக வேண்டும். வேறுபாடு இங்கே இருக்கிறது, சுவரில் இல்லை.

இக்கால இசைக்கு வந்தால் அறை இன்னும் பொருந்தாமல் போகிறது. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க் 1906இல் பதினைந்து தனிக் கருவிகளுக்காக ஒரு சேம்பர் சிம்பொனி எழுதினார். லண்டன் சின்ஃபோனியெட்டா என்ற குழு 1968இல் தொடங்கியது. பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் பூலேஸ் 1976இல் பாரிஸில் தொடங்கிய ஆன்சாம்பிள் அந்தர்கோந்தம்பொராங் என்ற குழு முப்பத்தொரு தனிவாசிப்பாளர்களைக் கொண்டது. இவர்கள் வாசிப்பது பெரிய மண்டபங்களில். ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹௌசன் எழுதிய நால்வர் இசை ஒன்றை ஆர்டிட்டி குவார்டெட் என்ற நால்வர் குழு 1995இல் ஆம்ஸ்டர்டாமில் ஆளுக்கொரு ஹெலிகாப்டரில் பறந்தபடி வாசித்தது. அதையும் அறை இசை என்பீர்களா?

'குழுமம்' எனக்கு இன்னொரு வருத்தம். நிறுவனங்களின் கூட்டத்துக்கு அந்தச் சொல் போய் ரொம்ப நாளாகிவிட்டது. இசைக்காரர்களைக் குழுமம் என்றால் பங்குச்சந்தை வாடை அடிக்கிறது. இப்போது மொழிபெயர்ப்பவர்கள் பலர் அகராதியில் முதல் பொருளை எடுத்து அப்படியே ஒட்டுகிறார்கள், பழைய நூல் ஒன்றைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை, ஏனென்றால் சொல் நம்மிடமே இருக்கிறது.

இயம் என்றால் வாத்தியம். பல்லியம், பல வாத்தியங்கள். திருமுருகாற்றுப்படை முருகனை 'குழலன் கோட்டன் குறும் பல்லியத்தன்' என்கிறது. சங்கப் புலவர்களில் நெடும்பல்லியத்தனார் என்றே ஒருவர் உண்டு, நெடும்பல்லியத்தை என்றும் ஒருவர் உண்டு. ஆக நெடும்பல்லியம், குறும்பல்லியம் இரண்டுமே தமிழில் வழங்கியவை. முருகனைப் பற்றிய அந்த வரியில் குறுமை சொல்லப்படுவது வாத்தியங்களுக்குத்தான், ஆட்களின் எண்ணிக்கைக்கு அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஆர்கெஸ்ட்ராவுக்கு நெடும்பல்லியம், சேம்பர் ஆன்சாம்பிளுக்குக் குறும்பல்லியம் என்று வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கிக்கொள்ளும். சீறியாழ், பேரியாழ் என்று பிரித்த மொழிக்கு இது புதுப் பழக்கம் இல்லை.

'சமகாலச் செவ்வியல்' பற்றி எனக்குப் பெரிய சண்டை இல்லை. செவ்வியல் என்றதும் பழையது என்று நினைக்கிறவர்களுக்கு அது முரணாகப் படும். அது காலத்தைச் சொல்வதில்லை, மரபைச் சொல்கிறது. 'இக்காலச் செவ்வியல்' என்றால் இன்னும் எளிது.

அக்கா மகள் பாடக்குறிப்பில் அந்த வரியை அடித்துவிட்டு 'இக்காலச் செவ்வியல் இசைக் குறும்பல்லியம்' என்று பென்சிலால் எழுதிக்கொண்டாள். வெறும் குரல்கள் மட்டும் இருந்தால் என்ன சொல்வது என்று கேட்டாள். இயம் இல்லாத இடத்தில் பல்லியம் வராது, பாடகர் குழு என்றே எழுது என்றேன்.