பழைய டிராம் பாகத்தைப் பவுண்டரிக்குக் கொண்டுபோகும் முன்

மறுபடியும் அதே தவறு. பழைய டிராமைப் புதுப்பிக்கும் சிலர், பிரேக் ஹேங்கரை, அதாவது சக்கரத்தில் அழுந்தும் பிரேக் ஷூவைத் தொங்கவிடும் கையை, தாங்கும் எஃகு பிராக்கெட் ஒன்றைப் பவுண்டரியில் (வார்ப்புப் பட்டறையில்) கொடுத்து, "இதே மாதிரி எட்டு வார்த்துக் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். எட்டும் வந்துவிட்டன. ஒன்றுகூடப் போகியில், அதாவது வண்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில், உட்காரவில்லை. போல்ட் துளைகளுக்கு நடுவே 200 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 196 இருக்கிறது. மணலிலிருந்து சுலபமாக உருவ வேண்டும் என்பதற்காக மாதிரியாகப் போன பழைய பிராக்கெட்டின் விளிம்புகளை அரைத்துச் சாய்த்துவிட்டார்கள். அளந்து பார்க்க மூலமும் இல்லை. பவுண்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்டது எதுவோ அதைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

"பழையதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அப்படியே செய்து தருவார்கள்" என்ற நம்பிக்கை பழைய டிராம், ரயில் பெட்டிகளைப் புதுப்பிப்பவர்களிடம் எப்படி இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்று தெரியவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

உருகிய உலோகம் உறைந்து ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு சுமார் 1 சதவீதம், அலுமினியம் 1.3, பித்தளை வகைகள் 1.5, எஃகு 2 சதவீதம். அதனால்தான் பேட்டர்ன் (மணலில் அச்சு பதிக்கும் மாதிரி) செய்பவர்கள் சாதாரண அளவுகோலைத் தொடாமல், சுருக்கத்தைக் கூட்டிப் பிரித்த தனி அளவுகோலை வைத்து மரத்தைச் செதுக்குகிறார்கள். பழைய வார்ப்பையே பேட்டர்னாக மணலில் அழுத்தினால் புதியது அதைவிடச் சிறிதாகத்தான் பிறக்கும். கடைசலுக்குப் போகும் முகங்களில் கூடுதலாக விட வேண்டிய இரண்டு, மூன்று மில்லிமீட்டர் சதையும் கிடைக்காது, ஏனென்றால் பழைய பாகத்தில் அந்தச் சதையை எண்பது வருடத்துக்கு முன்பே சீவி எடுத்துவிட்டார்கள். போதாததற்கு அது இத்தனை காலம் ஓடித் தேய்ந்த பாகம். சுருக்கம், கடைசல், தேய்மானம் மூன்றும் ஒரே பக்கமாகக் கூடுகின்றன. வெளி அளவு எங்கும் குறைவு, பின் (முளை) போகும் துளை மட்டும் முட்டை வடிவத்தில் பெரிது. கையில் கிடைப்பது பழைய பாகத்தின் நோயோடு பிறந்த சின்னப் பிள்ளை.

"அதற்குத்தான் முப்பரிமாண ஸ்கேன் இருக்கிறதே" என்பது அடுத்த பதில். ஸ்கேனர் நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் அது எதிரில் இருப்பதைத்தான் பார்க்கும். தேய்மானம் 3 மில்லிமீட்டர் என்றால் அந்த 3 மில்லிமீட்டரையும் பிசகில்லாமல் பதிவு செய்து கொடுக்கும். 1920-இல் வரைபலகையில் இருந்த அளவு அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் தேயாத இடங்களைத் தேடுங்கள். போல்ட்டின் தலைக்கு அடியில், வாஷர் உட்கார்ந்திருந்த வட்டத்துக்குள் பாருங்கள். சுற்றிலும் துரு அரித்துப் பள்ளமாகியிருக்கும். அந்த வட்டத்துக்குள் மட்டும் உலோகம் மேடாக, சில சமயம் முதல் பூச்சோடும் கடைசல் கோடுகளோடும் அப்படியே இருக்கும். தடிமனை அங்கே அளக்க வேண்டும். முளை போகும் துளையை நான்கு திசைகளில் அளங்கள். சுமை விழாத திசையில் 31.8 வருகிறது, சுமை விழும் திசையில் 34 வருகிறது என்றால், வரைபடத்தில் இருந்தது 31.75, அதாவது ஒன்றேகால் அங்குலம். அங்குலக் காலத்து வண்டியில் அளவுகள் பெரும்பாலும் அங்குலத்தின் பின்னங்களில்தான் வந்து நிற்கும். மில்லிமீட்டரில் விநோதமாகத் தெரியும் எண் எந்தப் பின்னத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரே வண்டியில் அந்தப் பாகம் நான்கோ எட்டோ இருக்கும். எல்லாவற்றையும் அளங்கள். எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் அளவு மூல அளவு. ஒவ்வொன்றிலும் மாறுவது தேய்மானம். கழற்றுவதற்கு முன்பே எந்த முனை, எந்தப் பக்கம், எந்த ஆக்சில் என்று கம்பியில் தகட்டுச் சீட்டுக் கட்டிவிடுங்கள். இடது, வலது பாகங்கள் கண்ணாடிப் பிம்பம்போல இருக்கும். சீட்டில்லாமல் குவித்துவிட்டு, எட்டையும் இடதாகவே வார்த்து வாங்கியவர்களும் உண்டு.

வார்ப்பின் மேல் புடைத்து நிற்கும் எண்ணைப் பார்த்ததும் பாக எண் கிடைத்துவிட்டது என்று துள்ள வேண்டாம். பல சமயம் அது பேட்டர்ன் எண். ஒரே வார்ப்பை இரண்டு மூன்று விதமாகக் கடைந்து வெவ்வேறு பாகங்களாக விற்றிருப்பார்கள். அதேபோல, அமெரிக்க டிராம் தயாரிப்பாளரான பிரில் நிறுவனத்தின் 21இ நான்கு சக்கர ஒற்றை டிரக் (சக்கரச் சட்டம்). 22இ-யோ பெரிய சக்கரமும் சிறிய சக்கரமும் ஜோடி சேர்ந்த வேறு ரக போகி. எண் அடுத்தடுத்து இருப்பதால் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று வாங்கிவிடாதீர்கள்.

பல்சக்கரத்தில் இந்த அலட்சியம் இன்னும் செலவு வைக்கும். பழைய அமெரிக்க டிராம்களில் ஆக்சில் கியர் பெரும்பாலும் டயாமெட்ரல் பிட்ச் கணக்கில், அதாவது விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல் என்ற கணக்கில், வெட்டியது. பிட்ச் 3 என்றால் மாட்யூல் (ஒரு பல்லுக்கு எத்தனை மில்லிமீட்டர் விட்டம் என்ற மெட்ரிக் கணக்கு) 8.467. பட்டறையில் 8.5 கட்டர் இருக்கும், "கிட்டத்தட்ட அதேதான்" என்பார்கள். கணக்குப் போடுவோம். 69 பல் கியர், அதை ஓட்டும் மோட்டாரின் சின்னப் பல்சக்கரமான பினியனில் 15 பல். சரியான மைய தூரம் 14 அங்குலம், அதாவது 355.6 மில்லிமீட்டர். 8.5 மாட்யூலில் அது 357 ஆகிவிடும். மோட்டாரும் ஆக்சிலும் நிற்கும் தூரம் மாறப்போவதில்லை. 1.4 மில்லிமீட்டர் முழுவதும் பற்களின் இடுக்கில்தான் போய் நெருக்கும். பல்லின் பக்கச் சாய்வைக் குறிக்கும் அழுத்தக் கோணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பழையவை பல 14½ டிகிரி, இன்றைய கட்டர்கள் 20 டிகிரி. இரண்டும் சேர்ந்து ஓடாது. அரைத்துத் தின்னும். கியரை மட்டும் மாற்றி, தேய்ந்த பினியனை விட்டுவைப்பதும் கூடாது. ஜோடியாக மாற்றுங்கள்.

மரைகள் இன்னும் நயவஞ்சகமானவை, ஏனென்றால் பொருந்தாததும் ஏறிவிடும். பிரிட்டிஷ் வகையான விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, அமெரிக்க மரைக்கு 60. பல அளவுகளில் அங்குலத்துக்கு எத்தனை மரை என்பது இரண்டிலும் ஒன்றே. அரை அங்குலத்தில் மட்டும் விட்வொர்த் 12, அமெரிக்கக் கரட்டு மரை 13, அங்கே உடனே மாட்டிக்கொள்ளும். மற்ற அளவுகளில் நட் சுகமாகச் சுழன்று ஏறி, மரையின் பக்கங்களில் முழுதாகப் படியாமல் நிற்கும். காற்று பிரேக் குழாயில் இது நேரடி ஆபத்து. அரை, முக்கால் அங்குலக் குழாய்களில் பிரிட்டிஷ், அமெரிக்க மரை இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 தான். டேப் சுற்றி முறுக்கினால் இறுகியது போலவே தோன்றும். அழுத்தம் ஏறி, வண்டி குலுங்கத் தொடங்கியதும் கசியும். மரை அளவி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

உலோகம் எது என்று கேட்காமல் அளவை மட்டும் கொடுப்பவர்களும் நிறைய. பழைய பிராக்கெட்டுகளும் கைப்பிடிகளும் பல மேலியபிள் இரும்பில், அதாவது பதப்படுத்தி உடையாமல் வளையும்படி செய்த வார்ப்பிரும்பில், வார்த்தவை. இன்று அதை வார்க்கும் பவுண்டரிகள் மிகக் குறைவு. மாற்றாகக் கோளக் கிராஃபைட் இரும்பைக் கேளுங்கள். சும்மா 'இரும்பு' என்று எழுதினால் சாம்பல் வார்ப்பிரும்புதான் வரும், அது வளையாமல் படக்கென்று உடையும். பிரேக் ஹேங்கரும் அதன் முளையும் எந்த நிலையிலும் சாம்பல் வார்ப்பிரும்பாக இருக்கக் கூடாது. அறுந்தால் ஷூ தண்டவாளத்தில் விழும், சக்கரம் அதன் மேல் ஏறும்.

ஆனால் பிரேக் ஷூ மட்டும் சாம்பல் வார்ப்பிரும்பாகவே இருக்கட்டும். "கலவை ஷூ நீண்ட நாள் உழைக்கும்" என்று மாற்றுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். இரும்பு ஷூ வெப்பத்தில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். கலவை ஷூ வெப்பத்தை அதிகம் கடத்தாது, கிட்டத்தட்ட எல்லாம் சக்கரத்துக்கே போகும். பழைய சக்கரத்தின் எஃகு டயர் சூட்டில் விரிந்து, மேலே ஏறி, ஆறும்போது இறுகிய ஒன்று. 660 மில்லிமீட்டர் சக்கரத்தில் அந்த இறுக்கம் சுமார் 0.6 மில்லிமீட்டர்தான். பிரேக் சூட்டில் டயர் விரிந்தால் அந்தப் பிடி போய்விடும்.

பாபிட் பேரிங்கை, அதாவது உலோக உறைக்குள் மென்மையான கலவையை ஊற்றிச் செய்யும் பேரிங்கை, பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல கலவை வெள்ளீயம் 89, ஆண்டிமனி 7.5, செம்பு 3.5 சதவீதம். பழைய பேரிங்குகளையெல்லாம் ஒரே சட்டியில் உருக்கி மறுபடி ஊற்றுவதை நிறுத்துங்கள். அதில் ஒன்றிரண்டு ஈயக் கலவையாக இருக்கும். வெள்ளீயமும் ஈயமும் கலந்தால் 183 டிகிரியிலேயே ஒரு பகுதி இளகத் தொடங்கும். சுத்தமான கலவை 240 டிகிரி வரை நிற்கும். உறையைச் சூடாக்கி, வெள்ளீயம் பூசி, பிறகே ஊற்ற வேண்டும். கரண்டியிலோ உறையிலோ ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் உலோகம் முகத்துக்குத் தெறிக்கும்.

பயன்படுத்தாமல் கிடங்கில் கிடந்த பழைய இருப்பு கிடைத்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சிதான். கியர், பித்தளை, கன்ட்ரோலர் (ஓட்டுநரின் மின் கட்டுப்பாட்டுப் பெட்டி) விரல்கள் எனப்படும் மின் தொடுமுனைகள் என்றால் தாராளமாக வாங்குங்கள். ரப்பர், தோல், மோட்டார் இன்சுலேஷன் என்றால் கையை இழுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பிசிசி ரக டிராமின் சக்கரத்துக்குள் இருக்கும் ரப்பர் பட்டை அலமாரியிலேயே கிழடாகிவிடும். ஐம்பது வருடம் அட்டைப்பெட்டியில் கிடந்த காற்று ஹோஸ் புதியது அல்ல. சும்மா கிடந்த மோட்டாரை நிதானமாகச் சூடாக்கி ஈரம் போக்கி, மெக்கரில் (மின்காப்பைச் சோதிக்கும் கருவியில்) பார்த்த பிறகே 600 வோல்ட்டைக் காட்டுங்கள். மோட்டாரின் சுழலும் கமுட்டேட்டரில் உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷிலும் கவனம் வேண்டும். நீளமும் அகலமும் பொருந்தினால் போதாது, கார்பனின் கிரேடு மாறினால் கமுட்டேட்டரை உழுதுவிடும்.

கன்ட்ரோலருக்குள் இருக்கும் வெள்ளை, சாம்பல் நிறத் தீத்தடுப்புத் தகடுகளை ரம்பத்தால் அறுக்காதீர்கள், மணல்தாளால் தேய்க்காதீர்கள், காற்றடித்து ஊதாதீர்கள். பரிசோதனை முடிவு வரும்வரை அது ஆஸ்பெஸ்டாஸ்தான். அந்த இடத்தில் முப்பரிமாண அச்சில் எடுத்த பிளாஸ்டிக்கை வைப்பதும் வேண்டாம். அதில் சாதாரணமாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே குழையும். அதே பிளாஸ்டிக்கை, மெழுகுக்குப் பதிலாக அச்சுக்குள்ளேயே எரித்துவிட்டு வார்க்கும் பேட்டர்னாகப் பயன்படுத்துங்கள். ஜன்னல் கைப்பிடி, கொக்கி போன்ற சின்னப் பித்தளை வேலைக்கு அது அருமையாக உதவுகிறது.

வார்ப்பில் பெரிய செலவு பேட்டர்னுக்கே. அதனால் தனியாக ஓடாதீர்கள். அதே ரக போகி வைத்திருக்கும் மற்ற அருங்காட்சியகங்களைக் கேளுங்கள். அவர்களிடம் பேட்டர்னோ வரைபடமோ ஏற்கெனவே இருக்கலாம், இல்லாவிட்டால் சேர்ந்து ஒரே முறையில் வார்க்கலாம். இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளையும் மறக்க வேண்டாம். மிலானில் 1928 வகை டிராம்கள் இன்றும் தினசரி சேவையில் இருக்கின்றன, அவற்றுக்கு யாரோ பாகம் செய்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இன்னொரு முழு வண்டியைப் பாகங்களுக்காக வாங்கிப் பிரிப்பதைக் கடைசி வழியாக வையுங்கள். பிரித்த வண்டி திரும்பி வராது.

புதிய பாகம் சரியாக உட்கார்ந்துவிட்டாலும் பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள். விரிசல் விட்டிருந்தாலும் சரி, இரண்டாக உடைந்திருந்தாலும் சரி. அரைக்காமல், வெல்டிங் வைக்காமல், எண்ணெய் தடவி, வண்டி எண்ணும் இருந்த இடமும் எழுதிய தகட்டைக் கம்பியால் கட்டி, பேட்டர்னோடு ஒரே அலமாரியில் வையுங்கள். அடுத்த முறை வார்க்கும்போது வாஷருக்கு அடியில் இருக்கும் அந்த வட்டத்தை யாராவது அளக்க வேண்டியிருக்கும்.