ஹர்த்தால்: கடைக்காரர் தானே போடும் பூட்டு

ஹர்த்தால் என்ற சொல் சென்னைப் பேச்சில் இன்று அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. பாரிமுனையிலோ தி.நகரிலோ 'நாளைக்குக் கடையடைப்பு' என்பார்கள், இல்லாவிட்டால் 'பந்த்'. ஆனால் இந்தியா முழுவதற்குமான முதல் ஹர்த்தாலுக்கு யோசனை பிறந்தது இதே ஊரில்தான்.

முதலில் சொல். குஜராத்தியில் ஹட்தாள், இந்தியில் ஹட்தால். முன்பாதி 'ஹட்ட' என்ற வடசொல்; கடை, சந்தை என்று பொருள். பின்பாதி பூட்டு. இரண்டையும் சேர்த்தால் கடைப்பூட்டு. (நம் தாழ்ப்பாள் நினைவுக்கு வரும். ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம்.) அநியாயம் நடந்தால் வணிகர்கள் கடையைச் சாத்திக்கொண்டு உட்கார்வது வடக்கே பழைய வழக்கம். 1810-11இல் கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட வீட்டு வரியை எதிர்த்துக் காசி நகரத்துக் கடைகள் அப்படித்தான் மூடின. கம்பெனி அந்த வரியைக் கைவிட வேண்டியதாயிற்று.

இனி சென்னைக் கதை. 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் வந்தது. விசாரணை இல்லாமலே ஆளைப் பிடித்து உள்ளே வைக்கலாம். 'வாதமில்லை, வக்கீலில்லை, அப்பீலில்லை' என்று ஜனங்கள் அதைத் திட்டினார்கள். அப்போது காந்தி கதீட்ரல் சாலையில் ராஜாஜியின் வீட்டில் தங்கியிருந்தார். ஒரு நாள் விடியற்காலை, தூக்கமும் விழிப்புமான நேரத்தில் நாடு முழுவதும் ஹர்த்தால் நடத்தும் யோசனை தோன்றியதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். முதலில் மார்ச் 30 என்று குறித்த தேதி ஏப்ரல் 6க்குத் தள்ளிப்போனது. செய்தி தாமதமாகக் கிடைத்த டெல்லி மார்ச் 30 அன்றே நடத்திவிட்டது. அங்கே துப்பாக்கிச் சூடும் நடந்தது.

காந்தி விடுத்த குறிப்புகளைப் பார்த்தால் சொல்லின் கனம் புரியும். 24 மணி நேர உண்ணாநோன்பு. கடைகண்ணி, தொழில் எல்லாம் நிற்கும்; பொதுமக்களுக்கு அவசியமான வேலை மட்டும் நடக்கும். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போக வேண்டியவர்கள் முன்கூட்டியே விடுப்பு வாங்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும்! பூட்டைப் போடுவது கடைக்காரரின் சொந்தக் கை என்பதில் அவர் அவ்வளவு கறாராக இருந்தார். கல் விழும் என்று பயந்து ஷட்டரை இறக்குவதும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் அதை ஹர்த்தால் என்று நான் எழுத மாட்டேன்.

கேரளத்தில் இந்தக் குழப்பம் முற்றியது. 1997இல் பந்த் சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் சொல்ல, உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. சரி என்று கட்சிகள் பெயரை ஹர்த்தால் என மாற்றிக்கொண்டன. சரக்கு பழையதுதான்.

இலங்கைத் தமிழில் சொல் உயிரோடு இருக்கிறது. 1953 ஆகஸ்ட் 12இல் அரிசி விலை உயர்வை எதிர்த்து நடந்ததன் பெயரே ஹர்த்தால். பிரதமர் டட்லி சேனநாயக்க அதற்குப்பின் பதவி விலகினார். அங்கே ஹர்த்தாலை 'அனுஷ்டிப்பார்கள்', விரதம்போல.

அப்புறம், தமிழில் எப்படி எழுதுவது? வணிகர்கள் தாங்களே மூடினால் கடையடைப்பு. சொல்லுக்குச் சொல் பொருந்தும், சந்தேகமே இல்லை. பஸ், ஆட்டோ, அலுவலகம் எல்லாம் நின்றால் முழு அடைப்பு. இந்தியில் சொல் இன்னும் விரிந்துவிட்டதால் மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்: டாக்டர்களின் ஹட்தால் என்று வந்தால் அது வேலைநிறுத்தம், 'பூக் ஹட்தால்' என்றால் உண்ணாவிரதம். 1919 ஏப்ரல் 6ஐப் பற்றி எழுதும்போது மட்டும் கடையடைப்பு போதாது, நோன்பு விடுபட்டுவிடும். அங்கே ஹர்த்தால் என்றே விடலாம். தமிழாக வேண்டுமென்றால் 'நோன்பும் கடையடைப்பும்'.